மீதியைக் கப்பல் வேகவைத்துக்கொள்ளும்

ஓய்வு பெற்றவனுக்குப் போன் வந்தால் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். யாராவது இறந்திருப்பார்கள், அல்லது யாராவது கடன் கொடுக்கத் துடித்துக்கொண்டிருப்பார்கள். போன மாதம் வந்தது இரண்டிலும் சேராதது. நான் வேலை பார்த்த தூத்துக்குடி ரப்பர் கம்பெனியில் இப்போது தரக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் ஜெனிபர் பேசினாள்.

வெளிநாட்டிலிருந்து ஒரு ஆர்டர் வந்திருக்கிறதாம். உலர் மூலிகை வேப்பரைசருக்கு ஓ-ரிங் கேட்கிறார்களாம். அவள் 'மூலிகை' என்று சொன்னதும் பின்னணியில் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

"என்ன மூலிகைன்னு கேட்டியாம்மா?" என்றேன்.

"கேக்கல சார். பசங்க சிரிக்கதப் பாத்ததும் எனக்கே தெரிஞ்சுபோச்சு."

அந்தக் கருவியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். காய்ந்த இலையை அதில் போட்டு, எரிக்காமல் சூடு மட்டும் காட்டினால் இலையில் உள்ளது ஆவியாக வரும். குழாய் வழியே அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டியது. என்ன இலை என்பதை அங்கே சட்டம் முடிவு செய்கிறது, இங்கே சப்-இன்ஸ்பெக்டர் முடிவு செய்கிறார். அது நம் கவலை இல்லை. நம் கவலை, சூடான கிண்ணத்துக்கும் வாயில் வைக்கும் குழாய்க்கும் நடுவில் காற்று ஒழுகாமல் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம்.

கப்பலுக்குப் போடுகிற சிவப்பு சிலிகான் ரிங்கையே அனுப்பிவிடலாம் என்று ஒருவன் சொன்னானாம். ஓவனில் மறுபடி சுடுகிற இரண்டாம் வேக்காடு வேண்டாமா என்று ஜெனிபர் கேட்டதற்கு, கஞ்சா அடிக்கிறவனுக்கு எதற்கு இரண்டாம் வேக்காடு என்றானாம்.

"அதான் உங்களக் கூப்பிட்டேன். இந்த விசயத்துல நீங்க முன்னால ஏதோ பண்ணியிருக்கியளாமே சார்?" என்று அவள் கேட்டாள். நல்ல பிள்ளை. 'ஏதோ பண்ணியிருக்கியளாமே' என்பதை, மாமனாருக்கு மருந்து சாப்பிட ஞாபகப்படுத்துவதைப் போல மெதுவாகச் சொன்னாள்.

பண்ணியிருக்கிறேன். அதை முழுதாக எழுதிக் கொடுத்தால் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுப்பேன் என்றாள். அதற்காகத்தான் இது. எனக்கு விடைகொடுத்த நாளில் சால்வை போர்த்தி, 'அப்பழுக்கற்ற பணி' என்று பேசினார்களே, அந்தப் பேச்சுக்கு ஒரு திருத்தமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

படித்த கதை சின்னது. ஆறுமுகநேரியில் பிறந்தேன். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. பாளையங்கோட்டையில் வேதியியல், அதன் பிறகு ரப்பர் தொழில்நுட்பத்தில் ஒரு டிப்ளமா, வடக்கே ஒரு டயர் தொழிற்சாலையில் சில வருடங்கள் மூக்கு நிறையக் கரி. பிறகு ஊர்ப்பக்கமே திரும்பி இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கப்பல், கிரேன், பம்பு எல்லாவற்றுக்கும் சீல் செய்யும் இடம். இரண்டு இரும்புக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு எண்ணெயையோ நீராவியையோ வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிற ரப்பர்தான் சீல். அது வேலையை ஒழுங்காகச் செய்யும்வரை யாரும் அதை நினைப்பதில்லை. ஒழுகினால்தான் யார் செய்தது என்று கேட்பார்கள். அரசாங்க வேலைக்கு அடுத்தபடியாக இதைவிட நிம்மதியான பிழைப்பு கிடையாது என்று நினைத்திருந்தேன்.

முதலாளி வாஸ் சார். பல வருடங்கள் கப்பலில் சீஃப் எஞ்சினியராக இருந்து கரைக்கு வந்தவர். உடம்பு மட்டும்தான் வந்தது. கம்பெனித் தரையை டெக் என்பார், கேன்டீனை மெஸ் என்பார், கரண்ட் போனால் கப்பல் மூழ்குகிற மாதிரி எழுந்து நிற்பார். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கெமிஸ்ட்ரி' என்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். கண்ணாடி கவிழ்ந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் அவசரமாக வேறு வேலை ஞாபகம் வரும்.

எந்த ஆர்டர் வந்தாலும் அவர் முதலில் அளவைக் கேட்க மாட்டார். விலையையும் கேட்க மாட்டார். மாதிரிக்குக் கொண்டுவந்த ரிங்கை வாங்கிச் சுண்டுவிரலில் மாட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இவ எங்க வாக்கப்படப் போறா?" என்பார். எந்த மெஷின், எவ்வளவு சூடு, பக்கத்தில் எண்ணெயா அமிலமா என்பதெல்லாம் அவருக்கு மாமியார் வீட்டு விவரம். அந்த விவரம் முழுதாகத் தெரியாமல் அச்சை அலமாரியிலிருந்து எடுக்க விட மாட்டார். வெளியூர் ஏஜெண்டுகள் இந்தக் கேள்வியைக் கேட்டுத் திகைத்து, தங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதோ என்று என்னைப் பார்ப்பார்கள்.

இப்போது வேக்காட்டு விவகாரம். சிலிகான் ரப்பரை முதலில் அச்சில் வைத்து, பிரஸ்ஸில் அழுத்திச் சூடாக்குவோம். சீக்கிரமே ரிங் ஆகிவிடும். இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும், பார்க்கிறவன் கண்ணுக்கு முழுதாக வெந்த ரிங்தான். ஆனால் வேகவைப்பதற்காகச் சேர்த்த பெராக்சைடு உடைந்த துணுக்குகளும், எதனோடும் ஒட்டாமல் அலைகிற கொஞ்சம் சிலிகான் எண்ணெயும் அதன் உள்ளே இன்னும் இருக்கும். அவற்றை வெளியேற்றத்தான் இரண்டாம் வேக்காடு. ஓவனில் தட்டுத் தட்டாகப் பரப்பி, புதுக் காற்று ஓடவிட்டு, மணிக்கணக்கில் சுட வேண்டும். அந்த நேரத்தில் ஓவன் குழாயிலிருந்து ஒரு வாசம் வரும். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ பாதாம்பால் காய்ச்சுகிற மாதிரி இருக்கும். இந்த வாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஓவன் சின்னது, கப்பல்களோ பெரியவை. கப்பல் புறப்படத் தயாராக நிற்கும், ஏஜெண்டு வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டுவான், ஓவனுக்குள் வேறு சரக்கு வெந்துகொண்டிருக்கும். ஒருமுறை இப்படி முட்டிக்கொண்டபோது நான் வாஸ் சாரிடம் சொன்னேன். இந்த ரிங் என்ஜினின் புகைப் பக்கத்து மூடிக்குத்தான் போகிறது. அங்கே நம் ஓவனைவிடச் சூடு. நாம் விட்ட மீதியைக் கப்பலே வேகவைத்துக்கொள்ளும். அவர் ரிங்கை விரலில் மாட்டிக் கொஞ்ச நேரம் யோசித்தார். வருவது எல்லாம் புகைபோக்கி வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போய்விடும், போகட்டும் என்றார். ரப்பர் நூல்களில் கிடைக்காத வழி இது. ஆனால் அந்த இடத்துக்குச் சரியான வழிதான்.

அதன் பிறகு அது எங்கள் கம்பெனியின் வேதவாக்கு ஆகிவிட்டது. கேன்டீனில் சோறு வேகாமல் விதை விதையாக இருந்தால், 'மீதியைக் கப்பல் வேகவைத்துக்கொள்ளும்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவோம். கணக்குப்பிள்ளையின் மகன் டிகிரி முடிக்காமலே கல்யாணம் பண்ணிக்கொண்டபோது, வாழ்த்து அட்டையிலேயே அதை எழுதிக் கொடுத்தோம்.

வாஸ் சாரின் மனைவியோடு பிறந்தவர் சவரிமுத்து. ஆலந்தலைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். பெரிய குரல். அவர் சீலா மீனுக்கு விலை கூப்பிட்டால் திருச்செந்தூர் முருகனுக்கு விலை தெரிந்துவிடும் என்று அங்கே சொல்வார்கள். அந்தக் கரையில் ஏலம் ஒரே மூச்சில் ஓட வேண்டும். கூப்பிடுகிறவன் நடுவில் நின்றுவிட்டால், பக்கத்தில் நிற்கிற இன்னொருவன் கூப்பாட்டைத் தொடர்ந்துவிடலாம், அந்த மீனும் கூப்பிடுகிற இடமும் அவன் கைக்குப் போய்விடும். சவரிமுத்து அப்படித்தான் இளம் வயதில் ஒரு கிழவரிடமிருந்து இடத்தைப் பிடித்தார். அப்போது அவருக்கு மூச்சிழுப்பு வந்திருந்தது. பக்கத்தில் அமலன் என்று ஒரு வாட்டசாட்டமானவன், அவருக்குத் தம்பி முறை, தினமும் மரியாதையாக அவர் மூச்சையே கவனித்துக்கொண்டு நின்றான்.

சவரிமுத்து ஒரு நாள் திருச்செந்தூரிலிருந்து சுப்பையா வைத்தியரைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். வைத்தியர் ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன் அனுமதி கேட்பவர்போல் தொண்டையைச் செருமுவார். அவர் தாமாகவே ஒரு கருவி செய்திருந்தார். பித்தளைக் கிண்ணம், அடியில் ஹீட்டர், மேலே கண்ணாடிக் குழாய். ஆடாதோடை, கண்டங்கத்திரி, ஓமம் எல்லாம் காயவைத்து நொறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, புகைய விடாமல் சூடாக்கி, வருவதை மூச்சில் இழுக்க வேண்டும். 'சுவாசச் சிமிழ்' என்று பெயர் வைத்திருந்தார். குழாய் பொருந்துகிற இடத்தில் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மாட்டியிருந்தார்.

"மருந்து நல்ல மருந்துதான் மச்சான். ஆனா ஒவ்வொரு மூச்சுக்கும் பஞ்சர் கடைக்குள்ள போயிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார் சவரிமுத்து.

வாஸ் சார் அந்த டியூப் வளையத்தைச் சுண்டுவிரலில் மாட்டினார். கேள்வியைக் கேட்டார். வைத்தியர் பதில் சொல்லத் தொண்டையைச் செருமுவதற்குள் சவரிமுத்து தன் மார்பில் தட்டிக் காட்டினார். "இங்கனதான். ஒங்க மச்சான் நெஞ்சுக்குள்ள."

வாஸ் சார் என் பக்கம் திரும்பினார். "கேட்டீராவே கெமிஸ்ட்ரி? மாமியார் வீடு மூச்சுக்கொழலு. பாத்துச் செய்யும்."

பார்த்துத்தான் செய்தேன், பாதிவரைக்கும். அன்று வைத்தியரை உட்காரவைத்து ஒரு பிரசங்கம் பண்ணினேன். நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்கு நல்லது, இந்தச் சூட்டுக்கு ஆகாது, கடினமாகி வெடிக்கும். ஃப்ளோரோ ரப்பர் சூட்டைத் தாங்கும், ஆனால் ஹீட்டர் கட்டுப்பாடு இழந்து மிகவும் சூடேறினால் அது விடுகிற வாயு கண்ணாடியையே அரிக்கும், நெஞ்சை விடுமா? சிலிகான்தான் சரி. அதிலும் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, சிவப்பு என்பது வெறும் சாயம், எந்த மட்டமான ரப்பருக்கும் சிவப்புச் சட்டை போடலாம். இவ்வளவும் சரி. இன்றைக்கும் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். வைத்தியர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சோதனைகளும் செய்தேன். ரிங்கைச் சுட்டேன், நசுக்கினேன், ஆறவிட்டுப் பழைய உருவத்துக்கு வருகிறதா என்று அளந்தேன், குழாயில் மாட்டிக் காற்று ஒழுகுகிறதா என்று பார்த்தேன். எல்லாவற்றிலும் தேறியது. இப்போது யோசித்தால், நான் கேட்டதெல்லாம் சூடு ரிங்கை என்ன செய்யும் என்பதுதான். ரிங் காற்றை என்ன செய்யும் என்று ஒரு சோதனையும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க நான் ரிங்கின் கட்சியில் இருந்தவன்.

வைத்தியருக்குக் கொடுக்க வேண்டிய ரிங்குகள் பிரஸ்ஸிலிருந்து வந்த வாரம் வாஸ் சார் ஒரு கப்பல் வேலையாகக் கொச்சிக்குப் போயிருந்தார். ஓவன் நிறையக் கொதிகலன் கேஸ்கட்டுகள். நடுவில் திறந்தால் அத்தனையும் பாழ். சவரிமுத்து விடிந்தால் எனக்குப் போன் பண்ணுவார், அவருக்கு நான் இன்ஜினியர். "இன்ஜினியரே, நான் இருக்கும்போதே குடுத்திருவியளா, இல்ல கல்லறைக்குப் பார்சல் அனுப்புவியளா?" வைத்தியரின் ரிங்குகள் ஒரு கைப்பிடிதான் இருக்கும். ஓவனுக்கு முறை வரும்வரை காத்திருந்திருக்கலாம். யாருடைய கப்பலும் புறப்படக் காத்திருக்கவில்லை.

டீ குடித்துக்கொண்டே நான் சொன்னேன்: "குடுத்து விடுங்கப்பா. ஹீட்டர்தான் இருக்கே. மீதிய அந்த மெஷினே வேகவச்சுக்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜோக் நன்றாகத்தான் இருந்தது.

சவரிமுத்துவுக்குப் புது ரிங் ரொம்பப் பிடித்துவிட்டது. பஞ்சர் கடை வாசம் போய்விட்டது. ஓமமும் ஆடாதோடையும் சேர்ந்து அடிக்கிற நெடியில் வேறு எந்த வாசமும் யாருக்கும் தெரியாது. வைத்தியர் காலையில் ஒரு வேளை என்றார். இவர் ஏலத்துக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, நடுவில் பொழுது போகாமல் ஒருமுறை என்று இழுத்தார். இருமல் கூடியது. சளி இளகுகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

ஒரு காலையில் நல்ல சீலா வந்திருந்த நேரம், விலை ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் குரல் அறுந்தது. அமலன் ஒரு கணம் தயங்கினானாம். வியாபாரிகள் அவனைப் பார்த்தார்கள். அவன் கூப்பாட்டைத் தொடர்ந்தான். சவரிமுத்து மணலில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி, தன் இடம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவர் மனைவி புஷ்பம் அந்தச் சிமிழைக் கையோடு கொண்டுவந்து கம்பெனி வாசலில் வைத்துவிட்டுப் போனார். இந்தச் சனியன் இனி எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். நான் அதை என் அறைக்கு எடுத்துப் போனேன். கிண்ணத்தில் இலை இல்லை. கதவைச் சாத்திவிட்டு, பையில் மீதி இருந்த புது ரிங் ஒன்றை மாட்டிப் பிளக்கைச் சொருகினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ பாதாம்பால் காய்ச்சினார்கள்.

கண்ணாடிக் குழாயின் உள்பக்கம் மெல்லிய வெண்படலம் ஒன்று இருந்தது. விரலால் தொட்டால் சிலிகான் எண்ணெயாக வழுக்கியது. ஒரு வேதியியல் பட்டதாரிக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். சோதித்த ரிங்கைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டு, பழைய ரிங்கையே மாட்டி வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். திறந்தபோது எனக்கு முதலில் வந்த எண்ணம், ஐயோ அந்த மனிதர் என்பதல்ல. யாராவது பார்த்தார்களா என்பதுதான். எழுத வந்தது இதற்காகத்தான், அதனால் எழுதிவிடுகிறேன்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சவரிமுத்துவின் முகத்தில் மாஸ்க். பேச முடியாததால் கையை ஆட்டி ஏதோ கிண்டல் பண்ண முயன்றார். வெளியே படிக்கட்டுப் பக்கம் சுப்பையா வைத்தியர் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். புஷ்பம் எல்லோருக்கும் கேட்கும்படி, எலையக் குடுத்தானோ எலி மருந்தக் குடுத்தானோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்தியருக்கு யாரும் உட்கார இடம் தரவில்லை. என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"சார், நீங்க படிச்சவிய. எலையில ஏதும் கெடுதல் வந்திருக்குமோ?"

அவர் கேட்டது நேரான கேள்வி. பதில் என் சட்டைப் பையில், மடித்த காகிதத்துக்குள், சிவப்பாக, இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.

"பூஞ்சை பிடிச்சிருக்கலாம் வைத்தியரய்யா" என்றேன். "மூட்டைய மாத்திப் பாருங்க."

அவர் தலையாட்டினார். அடுத்த நாளே, அந்த வருடம் முழுக்கத் தாம் பறித்துக் காயவைத்த இலை மூட்டைகளை வீட்டுக்குப் பின்னால் கொட்டி எரித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வைத்தியரே எரித்துவிட்டார் என்றால் ஊர் என்ன நினைக்கும்? அவரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ரிங் விட்டது போதாதென்று நான் வேறு தனியாக விஷம் விட்டிருந்தேன்.

வாஸ் சார் கொச்சியிலிருந்து வந்து, மச்சானைப் பார்த்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். சிமிழ் மேஜையில் இருந்தது. நான் இலையைப் பற்றி ஆரம்பித்தேன். பூஞ்சை, ஈரப்பதம், சேமிக்கும் முறை. நன்றாகத்தான் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே ரிங்கைக் கழற்றிச் சுண்டுவிரலில் மாட்டினார். ஜன்னல் பக்கம் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி குழாயில் பொருத்தினார், இலை போடாமலே பிளக்கைச் சொருகினார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். கிண்ணம் சூடாகிற சின்னச் சத்தம் கேட்டது. அவர் குழாயை எடுத்து வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"வேண்டாம் சார்" என்றேன்.

அவர் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்வே? உள்ளதான் எலையே இல்லையே."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஓவன், டீ, ஜோக், பாதாம்பால், படிக்கட்டில் வைத்தியரிடம் சொன்ன பொய். அவர் பிளக்கைப் பிடுங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். இந்த முறை வேறு வேலை ஞாபகம் வந்து கலைந்துபோக என்னால் முடியவில்லை.

"கப்பலுக்குப் பொகபோக்கி இருக்கு" என்றார். "எம் மச்சானுக்கு எங்கவே இருக்கு?"

முதலில் டாக்டரிடம் போகச் சொன்னார், பிறகு ஆலந்தலைக் கரைக்கு.

டாக்டரிடம் போனேன். ரிங்கில் என்னென்ன இருந்தன, சூட்டில் என்னென்ன வரும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். இழுப்பு உள்ள நெஞ்சுக்கு எந்த எரிச்சலும் கெடுதல்தான், ஆனால் இதனால்தான் இப்படி ஆயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அவருக்கு எப்படியும் மோசமாகியிருக்கலாம் என்றார். அந்த வாக்கியத்தைச் சில வருடங்கள் தலையணை மாதிரி வைத்துத் தூங்கிப் பார்த்தேன். கழுத்து வலிதான் மிச்சம்.

ஜெனிபருக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். மூச்சுக்குப் போகிற ரிங் என்றால், ரப்பரில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று முழுதாகத் தெரியாமல் எடுக்காதே. நிறத்தை நம்பாதே. அச்சில் ஒட்டாமலிருக்க அடிக்கிற ஸ்ப்ரே, மாட்டும்போது தடவுகிற கிரீஸ், எல்லாம் அந்த நெஞ்சுக்குத்தான் போகும். இரண்டாம் வேக்காட்டை எவன் என்ன ஜோக் சொன்னாலும் விடாதே. அதற்குப் பிறகும் கருவியை வெறுமனே, அதன் உச்சச் சூட்டில் ஓடவிட்டு, வருகிற காற்றை லேபுக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல். மோந்து பார்த்து முடிவு பண்ணாதே. வாசமே இல்லாமல் கெடுதல் செய்கிறவையும் உண்டு, எங்கள் காலத்து மேனேஜர்களில் சிலரைப் போல. கஞ்சா அடிக்கிறவனுக்கு எதற்கு என்று கேட்ட பையனிடம் சொல்: அவன் என்ன அடிக்கிறான் என்பது அவன் ஊர் போலீஸின் பாடு. அதோடு சேர்த்து நாம் எதை அடிக்க வைக்கிறோம் என்பது நம் பாடு.

இனி கரை.

சவரிமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் ஆலந்தலைக்குப் போனேன். வாஸ் சார் சுப்பையா வைத்தியரையும் வரவழைத்திருந்தார். தாம் மட்டும் வரவில்லை. உம்ம வாய்தான் போகணும், என் வாய் எதுக்கு என்றுவிட்டார். ஏலம் நடந்துகொண்டிருந்தது. அமலன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சவரிமுத்து கவிழ்த்துப் போட்ட ஒரு படகின்மேல், கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் தனியாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வைத்தியரைப் பழித்தது ஊர் முழுக்க. அதனால் ஒரு கூறு மீன் விற்று முடிந்து அடுத்தது வரும் இடைவெளியில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். இலையில் குற்றமில்லை. வைத்தியர்மேல் குற்றமில்லை. நான் பாதி வெந்த ரப்பரைக் கொடுத்தேன், தெரிந்த பிறகும் பொய் சொன்னேன். இவ்வளவுதான். வகுப்பெடுக்கிறவன் குரல்தான் எனக்கு. அன்று அது மணலைத் தாண்டவில்லை. இன்னொருமுறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. குற்றத்தை இரண்டு தடவை ஒப்புக்கொள்வது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

புஷ்பம் வைத்தியரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சவரிமுத்து படகிலிருந்து இறங்கி வந்தார். என் கையைப் பிடித்தார். ஏலத்துக்கு மீன் பரப்புகிற தார்ப்பாய்க்கு இழுத்துப்போய் நடுவில் நிறுத்தினார். பிறகு என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"ரப்பர் மீனு" என்று கூப்பிட்டார். குரல் காற்றாக வந்தது. அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தார், வரவில்லை. இன்னொருமுறை திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அந்தக் குரல் இனி வருமா வராதா என்பதுதான் அங்கே நின்ற எல்லோருக்கும் இருந்த கேள்வி. வராது என்ற பதில் எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது.

அமலன் பக்கத்தில் வந்து குனிந்து காதைக் கொடுத்தான். சவரிமுத்து அதில் முணுமுணுத்தார். அமலன் நிமிர்ந்து, கரை அதிரக் கூப்பிட்டான்:

"ரப்பர் மீனு ஒண்ணு! பாளையங்கோட்டையில படிச்ச மீனு! கேக்கவிய கேளுங்க!"

முணுமுணுப்பு.

"செதில் இல்ல, முள்ளு இல்ல, வாய் மட்டும் இருக்கு! கேக்கவிய கேளுங்க!"

சிரிப்பு கிளம்பியது. ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வியாபாரி குனிந்து என்னைப் பார்த்து, ஐஸ் வைத்தாலும் தாங்காது என்றார். அமலன் மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டுச் சவரிமுத்துவைப் பார்த்தான். அந்தக் கரையில் கேட்க ஆள் இல்லாத மீனை உப்புப் போட்டுக் கருவாட்டுக்குக் காயவைப்பார்கள். சவரிமுத்து அமலன் காதில் சொல்லவில்லை. என்னிடமே, தன் சொந்தக் குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"ஒங்களுக்கு இன்னும் வேக்காடு பத்தல இன்ஜினியரே. வெயில்ல கெடங்க."

கிடந்தேன். ஏலம் முடியும்வரை அந்தத் தார்ப்பாயின் ஓரத்தில், கருவாட்டு வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அமலன் அன்று மீதி ஏலம் முழுவதையும் அண்ணன் காதில் சொல்லச் சொல்லத்தான் கூப்பிட்டான். இன்று வரை அங்கே அப்படித்தான் நடக்கிறது. சவரிமுத்துவுக்கு மூச்சு திரும்பிவிட்டது, மாடிப்படி ஏறுகிறார், சண்டை போடுகிறார். அந்தக் குரல் திரும்பவில்லை.

வெயில் ஏறியபோது என்மேல் ஒரு நிழல் விழுந்தது. சுப்பையா வைத்தியர் வந்து நின்றார். கையில் குடை. தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். குடையை விரித்தார். நிழல் என்மேல் விழாதபடி கொஞ்சம் நகர்ந்து, தமக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.